வேலூரில் பொய்த்த கணக்கு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெக்கானிக்கல் படித்தவனை மேடையேற்றினால் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சங்கச் செயலாளர் அண்ணன், "உனக்குப் பிடிச்சதைப் பேசுப்பா, ஆனா பதினைஞ்சு நிமிஷம்தான்" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பிடித்தது ஒரு டாக்டரின் கதை. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய டாக்டர் டி. ஜேக்கப் ஜான். படிப்பால் குழந்தை மருத்துவர். வேலையால் வைரஸ் ஆராய்ச்சியாளர்.

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நான் இருப்பது குளிர்பதனத் துறையில். தடுப்பு மருந்து வைக்கிற குளிர் அறை, பெட்டி எல்லாம் எங்கள் பிழைப்பு. மருந்துகளிலேயே சூட்டுக்கு அதிகம் பயப்படுவது போலியோ சொட்டு மருந்துதான். அதனால், சொட்டு மருந்து குடித்த பிள்ளைக்கும் போலியோ வந்துவிட்டது என்றால் முதல் சந்தேகம் எங்கள் பெட்டியின் மேல்தான் விழும். அந்தச் சந்தேகத்தின் பழைய வரலாற்றைத் தேடிப் போனதில்தான் இவரைப் படித்தேன்.

1960களின் பிற்பகுதிக்கு வாருங்கள். மேலை நாடுகளில் சொட்டு மருந்து மூன்று வேளை கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும். அது அங்கே நிரூபிக்கப்பட்ட கணக்கு. வேலூரிலும் அதே மருந்து, அதே மூன்று வேளை. ஆனாலும் மூன்று வேளையும் குடித்த பிள்ளைகள் கால் விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

இதற்குச் சுலபமான பதில்கள் தயாராக இருந்தன. அம்மா சரியாகக் கொடுத்திருக்க மாட்டாள். மருந்து வெயிலில் கெட்டிருக்கும். நம் தொழிலிலும் இதே கதைதான். 32 டிகிரிக்கு டிசைன் பண்ணின வெளிநாட்டு கம்ப்ரஸர் நம்ம ஊர் மே மாதத்தில் ட்ரிப் ஆனால், முதல் ரிப்போர்ட் என்னவாக இருக்கும்? "ஆபரேட்டர் சரியில்லை." மெஷின் எந்தச் சூட்டுக்குச் செய்தது என்று கேட்க ஆளிருக்காது.

ஜேக்கப் ஜான் கேட்டார். மருந்து கொடுக்கும் முன்பும் பின்பும் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பரிசோதித்தார். பரிசோதனையின் தத்துவம் எளிமையானது. ரத்தத்தின் சீரத்தோடு போலியோ வைரஸைக் கலந்து, கண்ணாடிக் குழாயில் வளர்க்கும் செல்களின் மேல் விட வேண்டும். செல்கள் பிழைத்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது. செத்தால் இல்லை. நல்ல மருந்தைத்தான் கொடுத்திருந்தார்கள். இருந்தும் நிறையப் பிள்ளைகளுக்கு எதிர்ப்பொருளே உண்டாகவில்லை. 1972-இல் அமெரிக்கத் தொற்றுநோயியல் இதழ் ஒன்றில் இது கட்டுரையாக வந்தது. பின்னர் 1991-இல் அவரும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் பல வளரும் நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வேளைக்குப் பிறகு சராசரியாக முதல் வகை வைரஸுக்கு 73 சதவீதம், இரண்டாம் வகைக்கு 90, மூன்றாம் வகைக்கு 70. ஆக, வேலூருக்கு மட்டும் வந்த வினை அல்ல இது.

ஏன் இப்படி? சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ். அது குடலில் இறங்கி, அங்கே வளர்ந்தால்தான் உடம்பு அதைக் கவனித்து எதிர்ப்பொருள் செய்யும். வளரவில்லையென்றால் குடித்தும் குடிக்காத கணக்குதான். அதிலும் மூன்று வகை வைரஸும் ஒரே சொட்டில். இரண்டாம் வகை கொஞ்சம் முரட்டு ஆசாமி, ஹாஸ்டல் மெஸ்ஸில் முதல் பந்தியில் உட்காருகிறவன் மாதிரி. மற்ற இரண்டுக்கும் இடம் குறைந்துவிடும்.

குடலில் ஏற்கெனவே இருக்கும் வேறு வைரஸ்கள் தடுக்கின்றன என்பது அன்றைய பிரபலமான விளக்கம். வேலூர்க் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. தாய்ப்பால்தான் கெடுக்கிறது என்று இன்னொரு விளக்கம். அதை நம்பியிருந்தால், மருந்து நாளில் பிள்ளைக்குப் பால் கொடுக்காதே என்று நம் அம்மாக்களிடம் சொல்ல வேண்டி வந்திருக்கும். அவர் அதையும் பரிசோதித்து, தாய்ப்பாலால் பாதகமில்லை என்று 1976-இல் எழுதினார். எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். மருந்தைக் காப்பாற்ற தாயைக் குற்றவாளி ஆக்காத ஆய்வு.

சரி, பரிகாரம்? மூன்று போதாது, ஐந்து வேளை கொடுங்கள் என்றார். அதோடு, ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் கொடுங்கள் என்றார். கியூபா 1962-லேயே அப்படிச் செய்தது. தனித்தனியாகக் கொடுத்தால் வைரஸ் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே சமயத்தில் கொடுத்தால் ஓட இடமில்லை. வேலூர் நகரத்தில் இதைச் செய்து போலியோவைக் கட்டுப்படுத்திக் காட்டிய கட்டுரை 1983-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

இனி வருவதில்தான் எனக்குக் கோபம். நாடு தழுவிய தடுப்பூசித் திட்டத்தில் சொட்டு மருந்து சேர்ந்தது 1979-இல். எத்தனை வேளை? மூன்று! வேலூர்க் கட்டுரைகள் அதற்கு முன்பே அச்சாகிவிட்டன. நாடு முழுவதும் பல்ஸ் போலியோ வந்தது 1995 டிசம்பரில்தான். வேலூர் செய்து காட்டி ஒரு மாமாங்கம் ஆகியிருந்தது. இடைப்பட்ட வருடங்களில் கால் இழந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் வயதுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தெருவில் அப்படி ஓர் அண்ணனோ அக்காவோ இருந்திருப்பார்கள்.

தம்பி தங்கைகளுக்குத் தெரிந்தது அடுத்த பாகம். பஸ் ஸ்டாண்டில் பந்தல், இரண்டு சொட்டு, சுண்டுவிரலில் மை. அதையும் மீறி உத்தரப் பிரதேசமும் பீகாரும் அடங்கவில்லை. உ.பி.யில் மூவகைச் சொட்டு மருந்தின் ஒரு வேளை, முதல் வகை போலியோவை வெறும் 9 சதவீதம்தான் தடுத்தது, இந்தியாவின் மற்ற பகுதிகளில் 21 என்று 2006-இல் ஒரு கணக்கு வந்தது. பத்து வேளை குடித்த பிள்ளைக்கும் நோய் வந்தது. மறுபடி அதே பேச்சு: அம்மா ஒத்துழைக்கவில்லை, ஜனங்களுக்குப் படிப்பில்லை. பிறகு ஒற்றை வகை மருந்து 2005-இலும், இரு வகை மருந்து 2010-இலும் வந்தன. முரட்டு ஆசாமியைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். 2011 ஜனவரி 13-இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டதுதான் இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27-இல் சான்றிதழும் வந்தது.

நடுவில் ஒரு சின்னச் செய்தி. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டதே, அந்தப் பரிசோதனை நடந்ததும் வேலூரில் இவருடைய ஆய்வகத்தில்தான். அது தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டிய கதை. செயலாளர் அண்ணன் வாட்ச்சைப் பார்க்கிறார்.

ஆகவே கடைசி விஷயம். சொட்டு மருந்துக்கு இன்னொரு குறை உண்டு. பலவீனமான அந்த வைரஸே எப்போதாவது பலம் பெற்றுப் பிள்ளையை முடக்கிவிடும். அதனால் இறந்த வைரஸால் ஆன ஊசி மருந்துதான் வேண்டும் என்று ஜேக்கப் ஜான் பல வருடங்கள் வாதாடினார். அது குடலில் வளர வேண்டியதில்லை. வேலூர்ப் பிள்ளைகளிடமும் நன்றாக வேலை செய்வதை அவர் குழு 1980களிலேயே காட்டியிருந்தது. விலை அதிகம் என்றார்கள். ஒரு வழியாக 2015 நவம்பரில் தேசியத் திட்டத்தில் ஊசி சேர்ந்தது.

உலகம் முழுக்க அந்த மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியா முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கை, 0.1 மில்லி, தோலுக்குள் போட ஆரம்பித்தது. தோலில் நோய் எதிர்ப்புச் செல்கள் அடர்த்தியாக இருப்பதால் கொஞ்சமே போதும். ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், 2023 முதல் ஒன்பதாவது மாதத்திலும். ஆனால் கையை ஆட்டி அழுகிற ஆறு வாரக் குழந்தையின் தோலுக்குள், தசைக்குப் போய்விடாமல், 0.1 மில்லி செலுத்துவது நர்ஸம்மாக்களுக்குச் சாதாரண வேலை இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று காலையில் கேன்டீனில் இரண்டு தம்பிகள் சொன்னீர்களே, சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.