தோட்டத்து இறைச்சிக்கும் பரிசோதனை வேண்டும்
(பதுளையில் ஆற்றிய உரையிலிருந்து)



இறைச்சி விற்போர் உரிமம் பெறவேண்டுமென 1893ஆம் ஆண்டிலேயே இந்நாட்டிற் சட்டம் பிறந்தது. கொல்களத்திலே விலங்கின் நடையையும் மூச்சையும் நோக்குவதும், அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் கன்னத் தசையையும் கீறிப் பார்ப்பதும் பரிசோதகர் கடமை. காசநோய்க் கட்டியோ நாடாப்புழுக் கொப்புளமோ தென்படின், அந்நோய் நம் வீடுவரை வாராமல் அவர் தடுக்கிறார்.

ஆனால், தீபாவளிக்கு லயத்தோரம் அறுத்துக் கூறு போடும் ஆட்டை யார் சோதித்தார்? தோட்டங்களுக்குப் பிரதேச சபை பணஞ்செலவிடத் தடையாய் நின்றது 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. 2018இல் அது திருத்தப்பட்டது. இனிச் சட்டத்தின்மேற் பழிபோட இடமில்லை.

நம் வாக்கை ஏற்கும் சபை பரிசோதகரையும் அனுப்பட்டும். ஊவாத் தோட்டங்கள்தோறும் மனு எழுதுவோம். சலுகையன்று, பதுளை நகரத்தார்க்குரிய பாதுகாப்பையே நாம் கேட்கிறோம்!