அலுமாரியில் இருந்த கார்ட்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாம் பெரியபிள்ளை ஆனபோது உம்மா, மாமி, மூத்தம்மா எல்லோரும் சுற்றி நின்றார்கள். மாதவிடாய் நிற்கிற வயதில் மட்டும் பெண் தனித்துப் போகிறாள். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

41 வயதுச் சகோதரி ஒருவர் என்னிடம் வந்தார். "டொக்டர், ராவில உடம்பு நெருப்பா எரியுது. எதுக்கெடுத்தாலும் ஏசுறன் எண்டு பிள்ளைகள் சொல்லுதுகள்" என்றார். இரண்டு வருடங்களுக்கு முன் கருப்பை எடுத்தவர். சூலகங்களையும் எடுத்தார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். அடுத்த முறை அவரது மகள், அலுமாரியில் சேலைகளுக்கிடையில் கிடந்த டயக்னோசிஸ் கார்டைக் கொண்டு வந்தாள். இரண்டு சூலகங்களும் எடுக்கப்பட்டதாக அதில் இருந்தது. இரண்டு வருடமாக வீட்டார் கோபம் என்று நினைத்தது, ஓமோன் குறைவு.

இயற்கையாக மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில். தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால் நின்றுவிட்டது என்று கொள்கிறோம். உடம்பு அதற்குச் சில வருடங்களாகவே மெல்ல மெல்லப் பழகிவரும். கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், சூலகங்கள் தொடர்ந்து வேலை செய்யும். சூலகங்கள் இரண்டையும் எடுத்தாலோ ஓமோன் ஒரேயடியாக வீழ்ந்துவிடும்.

45 வயதுக்கு முன் இப்படி நடந்தவருக்கு, மார்புப் புற்றுநோய் போன்ற தடை இல்லையென்றால், சுமார் 51 வயது வரை ஓமோன் மருந்து கொடுப்பது வழமை. எரிவு தணிய மட்டுமல்ல, எலும்பையும் இதயத்தையும் காக்கவும்தான். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றுக்குப் பிறகு ஓமோன் என்றாலே பலர் பயந்தார்கள். அதில் பங்குபற்றியவர்களின் சராசரி வயது 63. அந்தக் கணக்கை 41 வயதுப் பெண்ணுக்குப் போட முடியாது.

இன்னொன்று. மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா என்று மௌலவியிடம் கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். அதே வாரம் வைத்தியரிடமும் காட்டுங்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிராது. ஆனால், கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

எமது ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். கலியாணம் முடித்தும் உம்மாவின் வீட்டிலோ பக்கத்து வளவிலோதான் நம்மில் பலர் இருக்கிறோம். எல்லா ஊர்ப் பெண்களுக்கும் கிடைக்காத வசதி இது. "உம்மா, ராவு தூங்கினீங்களா?" என்று கேட்க எவ்வளவு நேரம் போகும்? கட்டாரிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தொலைபேசியில் கேளுங்கள்.

1996 முதல் நமது நாட்டில் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். நாளை உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் விசாரியுங்கள்.

சத்திரசிகிச்சைக்குச் செல்பவர்கள் முன்னரே கேளுங்கள்: "கருப்பை மட்டுமா, சூலகங்களுமா?" செய்து முடித்தவர்கள் இன்றிரவே அலுமாரியைத் திறந்து அந்தக் கார்டை எடுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள்.