இரு சீமைக் கார்களும் ஓர் இருப்புப்பாதையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இரயில்வே அலுவலகத்தில் ஏடு புரட்டும் எழுத்தன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்கு நகைப்பைத் தரலாம். நம் மார்டள்ளியில் சீமைக் கார் வைத்திருப்பாரும் இலர். ஆயினும், மைசூர் மன்னர் ரோல்ஸ் ராய்ஸ் கார்களை ஏழேழாக வாங்கினார் என்னும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த ரோல்ஸ் ராய்ஸையும் அதன் உடன்பிறப்பாகிய பெண்ட்லியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே என் நோக்கம்.

1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குரூ நகரத் தொழிற்சாலையிலிருந்து இரு கார்கள் வெளிவந்தன. ஒன்று ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கிளவுட். மற்றொன்று பெண்ட்லி எஸ் வரிசை. இரண்டுக்கும் ஒரே அடிச்சட்டம். 4,887 கன சென்டிமீட்டர் அளவுள்ள, ஆறு சிலிண்டர் கொண்ட ஒரே எஞ்சின். ஒரே தானியங்கிக் கியர். வேறுபாடு முகத்தில்தான். முன்னதற்குக் கிரேக்கக் கோயில் போன்ற முகப்பும் அதன்மேல் பறக்கும் நங்கையும். பின்னதற்கு வளைந்த முகப்பும் சிறகு முளைத்த ‘பி’ எழுத்தும்.

ஆயினும், பழைய கார்களைச் சேர்ப்போரிடம் சாதாரணப் பெண்ட்லி பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. மிகுதியாகக் கொடுக்கும் பணம் எஞ்சினுக்கு அன்று, பெயருக்கே. விரைவை விரும்புவோர் தேடும் பெண்ட்லி கான்டினென்டலின் விலையோ வேறு. வாங்குபவர் முதலிற் காணவேண்டியது பளபளப்பை அன்று. அடிச்சட்டத்தில் துரு ஏறியுள்ளதா, எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் பழைய பதிவேட்டோடு ஒத்துள்ளனவா என்பதையே. நம் நாட்டில், ஐம்பது ஆண்டு கடந்தும் மூலவடிவம் மாறாத கார்களுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் தனிப் பதிவு வழங்குகின்றன. வாணிகத்துக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ அவற்றைப் பயன்படுத்தலாகாது. என்னைக் கேட்டால் பெண்ட்லியையே தேர்வேன். ஒரே உழைப்புக்கு இரு விலை எதற்கு?

இனி, இரயில்வேக்காரன் பேசவேண்டிய செய்திக்கு வருகிறேன். இவ்விரு கார்களுக்கும் பெயர் தந்த ஹென்றி ராய்ஸ், டபிள்யூ. ஓ. பெண்ட்லி ஆகிய இருவரும் இளமையில் ‘கிரேட் நார்தர்ன்’ என்னும் ஒரே இரயில்வேயின் பட்டறைகளில் தொழில் பயின்றவர்கள்! பெண்ட்லி 1905 முதல் ஐந்தாண்டுகள் டான்காஸ்டரில் பயிற்சியை முடித்தார். தந்தையை இழந்து, செய்தித்தாள் விற்று வளர்ந்த ராய்ஸ், அத்தை கட்டிய பணத்தில் 1878-இல் பீட்டர்பரோ பட்டறையிற் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் அத்தையின் பணம் தீர்ந்தது, பயிற்சியும் நின்றது.

பின்னர் நடந்ததைப் பாருங்கள். பெண்ட்லியின் கார்கள் 1924-லும், 1927 முதல் 1930 வரையிலும் லெ மான்ஸ் பந்தயத்தில் ஐந்து முறை வென்றன. வெற்றி குவிந்தும் பணமுடையால் அவர் நிறுவனம் 1931-இல் விலைக்கு வந்தது. வாங்கியது ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம். கட்டணத்துக்கு வழியின்றிப் பட்டறையை விட்டு வெளியேறிய பையனின் பெயரைத் தாங்கிய நிறுவனம்!

அன்பர்களே, நானும் பத்தாம் வகுப்போடு நின்றவன். நின்றதற்குக் காரணம் மதிப்பெண் அன்று, கட்டணம். ராய்ஸைப் போல் மீண்டெழும் ஆற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆதலின், இம்மலரின் விளம்பர வருவாயில் ஒரு பங்கை ஒதுக்கி, தொழிற்பயிற்சியின் நடுவே பணமின்றித் தவிக்கும் நம் பிள்ளை ஒருவருக்கேனும் ஆண்டுதோறும் உதவுமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன். அதற்கு என் ஒரு மாத ஊதியத்தை முதற்காணிக்கையாக இந்த மேடையிலேயே அளிக்கிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!