பல்லில் தெரியும் கறையும் கன்னத்தில் தெரியாத திட்டும்



கோலார் மாவட்டத்தின் முல்பாகல், பங்காருப்பேட்டை பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் சிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். சிலருடைய முன்பற்களில் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு ஓடும். சிலருக்குப் பளபளப்பே இல்லாத வெள்ளைத் திட்டுகள் இருக்கும். "ஒழுங்கா பல்லு விளக்குனா இப்படி ஆகுமா?" என்று வீட்டில் திட்டு வாங்கும் பிள்ளைகள் உண்டு. நாலு பேர் முன்னால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசும் பெண்கள் உண்டு. இவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிறந்ததிலிருந்து எட்டு வயது வரை குடித்த தண்ணீரால் வந்த கறை இது. இதில் உங்கள் தவறு எதுவும் கிடையாது.

கோலார் தங்கவயலில் எந்த நோய் வந்தாலும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைக் கைகாட்டுவது நமக்குப் பழக்கம். அங்கிருந்து பறந்துவரும் புழுதியைப் பற்றி நமக்கு இருக்கும் கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்தப் பற்கறைக்குக் காரணம் அந்த மேடு இல்லை, நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு. கோலார் மாவட்டத்தின் அடியில் கிடப்பது பழைய கருங்கல் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. பாறை இடுக்கில் நீண்ட காலம் தேங்கிக் கிடக்கும் தண்ணீரில் அது மெல்ல மெல்லக் கரைகிறது. தங்கச் சுரங்கக் கம்பெனி இருந்த காலத்தில் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. பொதுவாக ஏரித் தண்ணீரில் ஃபுளோரைடு குறைவு. ஆயிரம் அடிக்கும் கீழே போய் எடுக்கும் போர் தண்ணீரை அப்படி நம்ப முடியாது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இந்தக் கறையின் மூலத்தைக் கண்டுபிடிக்க முப்பது வருஷம் பிடித்தது. அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901இல் தொழில் பார்க்க வந்த ஃபிரெடெரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அந்த ஊர்க்காரர்களின் பழுப்புப் பற்களைப் பார்த்துத் திகைத்தார். தண்ணீர்தான் காரணம் என்று அவர் சந்தேகப்பட்டார். 1931இல் சர்ச்சில் என்ற வேதியியலாளர் அந்தத் தண்ணீரைச் சோதித்து, ஃபுளோரைடுதான் என்று கண்டுபிடித்தார். 1937இல் நம்முடைய பழைய மதராஸ் மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் இதே கோளாறு எலும்பையும் முடக்குவதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

ஈறுக்குள்ளே பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில்தான் இந்தக் கறை பிடிக்கும். முன்பற்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் மிக முக்கியம். தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகமிகக் குறைவு. போர் தண்ணீரில் பால்பவுடர் கலக்கினால் அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் குழந்தைக்குள் போகும். காய்ச்சினாலும் பயனில்லை. தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. நிலையத்துத் தண்ணீரோ, முறையாகச் சேமித்த மழைநீரோ குழந்தைக்கும் சமையலுக்கும் போதும். குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீரே இருக்கட்டும். ஆர்.ஓ. நிலையத்தில் சவ்வை மாற்றினார்களா, தண்ணீரைச் சோதித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை.

கறை வந்தபிறகு செங்கல் தூளும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை. கறை பல்லுக்குள்ளேயே இருக்கிறது. தேய்ந்து போவது எனாமல்தான், அது திரும்ப வளராது. லேசான கறை பல்லின் பலத்தைக் குறைக்காது. மனசுக்கு உறுத்தலாக இருந்தால் பல் மருத்துவரிடம் மேற்படலத்தைச் சற்றே தேய்த்து எடுக்கலாம், வெளுக்க வைக்கலாம். குழி விழுந்து உதிரும் பல்லுக்கு மட்டும் பெரிய சிகிச்சை தேவை.

அப்படியானால் ஃபுளோரைடு பேஸ்ட்டைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. விழுங்கும் ஃபுளோரைடுதான் கறையைக் கொண்டுவருகிறது. பல்லின்மேல் படும் ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கிறது. பிள்ளைகளை வைத்து நடத்திய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த காக்ரேன் குழு, ஃபுளோரைடு பேஸ்ட் சொத்தையைச் சுமார் 24 சதவீதம் குறைப்பதாகச் சொன்னது. மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். தேய்த்ததும் துப்பப் பழக்குங்கள்.

பல்லைப் பற்றி வேறு சில பயங்களும் நம்மிடம் உண்டு. "மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போகும்" என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. காரையைச் சுரண்டி எடுக்கும் ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பதும் அப்படித்தான். ஈறு ஏற்கெனவே இறங்கிப்போய், காரையின் பிடியில் நின்றிருந்த பல்தான் அப்படித் தெரிகிறது. ஈறு ஆரோக்கியமாக இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேலிங் செய்வதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று 2018இல் வந்த காக்ரேன் ஆய்வு சொல்கிறது. ஈறில் ரத்தம் கசிந்தால் கதை வேறு, உடனே போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு, எனக்கு உண்மையில் கவலை தருவதற்கு வருகிறேன். பழுப்புப் பல்லால் யாரும் சாவதில்லை. கடைவாயில் அடக்கிவைக்கும் புகையிலையால் சாகிறார்கள். ராத்திரி அதை அடக்கியபடியே தூங்கிப்போகும் பழக்கம் நம் பாட்டிமார், அம்மாமார் பலருக்கு இருக்கிறது. கோலாரை அடுத்த தமகாவின் தேவராஜ் அர்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இந்த வட்டாரத்தில் வாய்ப்புற்று அதிகம் என்று பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். பெண்களிடமும் அதிகம், அதுவும் புகையிலை படுகிற அதே கன்னத்தின் உட்புறத்தில். "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்வதும் ஆறுதல் ஆகாது. பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இலேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை தரும் சான்றும் நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளில் 1996இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய், 35 வயது நிறைந்தவர்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. டாக்டர் சங்கரநாராயணன் குழு 2005இல் வெளியிட்ட முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே எல்லாரும் பயப்பட வேண்டியதில்லை, பழக்கம் உள்ளவர்கள் பார்த்தே ஆகவேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டில் புகையிலையோ பாக்கோ போடுகிறவர் இருந்தால், பகல் வெளிச்சத்தில் வாசலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் பக்கவாட்டில், நாக்குக்கு அடியில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருக்கிறதா? மூன்று வாரமாகியும் ஆறாத புண் இருக்கிறதா? காரம் பட்டால் எரிகிறதா? மூன்று விரலை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விட முடியாத அளவுக்கு வாய் இறுகிவிட்டதா? இதில் ஒன்று இருந்தாலும் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காது. அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். புகையிலையை விட உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். இந்த எண் புகையிலைப் பாக்கெட்டின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது.