வெளியூர் வந்த இளைஞரும் அடுக்களையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கிய இம்மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து இரயில்வேயில் எழுத்தர்களாய் இருக்கும் எங்களைப் போன்றோர் எதைப் பற்றிப் பேசுவது? எங்களுக்கு நன்கு தெரிந்த பொருள் ஒன்றுண்டு. அது சோறு. ஆகவே, ஊரை விட்டு வந்த இளைஞர்களின் அடுக்களையைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

2003ஆம் ஆண்டில் இந்த நாகபுரியில் நாங்கள் நால்வர் ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர், தருமபுரி என்று ஆளுக்கொரு ஊர். நால்வர் வீட்டிலும் வளர்ப்பு மட்டும் ஒன்றே. "ஆண்பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று தாய்மார் அன்போடு விரட்டிய பிள்ளைகள் நாங்கள். ஒரு மண்ணெண்ணெய்த் திரியடுப்பு, ஒரு குக்கர், இரண்டு பாத்திரங்கள், இவையே எங்கள் சொத்து.

முதல் வாரத்தில் தஞ்சை நண்பர் சாம்பார் வைக்க முற்பட்டார். துவரம்பருப்பு, புளி, உப்பு எல்லாவற்றையும் ஒருசேரக் குக்கரில் இட்டார். பத்து விசில் ஆயிற்று. பருப்போ கூழாங்கல் போல் கிடந்தது. கடைக்காரர் பழைய பருப்பைத் தந்துவிட்டார் என்று நண்பர் சினந்தார். அண்டை வீட்டு மராத்தி அம்மையார் பார்த்துச் சிரித்துவிட்டு, பருப்பை மஞ்சள் தூளோடு முதலில் குழைய வேகவைத்து, புளிப்பைப் பின்னர்ச் சேர்க்க வேண்டும் என்றார். அதன் காரணத்தைப் பிற்காலத்தில் படித்தறிந்தோம். பருப்பின் அணுவறைகளை ஒட்டி நிற்கும் பசை புளிப்புப் பட்டால் எளிதில் கரைவதில்லை. கடினநீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அப்பசையை இறுக்கிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் புழங்கும் வீடுகளில் பருப்பு வேகாமைக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பருப்பை முன்னரே ஊறவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

அவ்வம்மையாரே கடலைமாவைக் கரைத்து, கடுகும் பச்சை மிளகாயும் தாளித்துக் கிண்டும் 'பிட்லா' என்னும் பண்டத்தையும் கற்றுக்கொடுத்தார். கால் மணி நேரத்தில் ஆகிவிடும். இரவுப் பணி முடித்து வந்த எத்தனையோ நாள் அதுவே எங்களைக் காத்தது. வந்த ஊரின் சமையலில் ஒன்றையாவது கற்றுக்கொள்வது அவ்வூருக்கு நாம் செய்யும் மரியாதை.

இட்லிமாவின் கதை வேறு. ஊரில் இரவு அரைத்தால் காலையில் பொங்கியிருக்கும். இங்கே டிசம்பர்க் குளிரில் இரண்டு நாளாகியும் மாவு அசையவில்லை. மாவைப் புளிக்கவைப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். குளிரில் அவை சோம்பிவிடும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைத்த பின்னரே மாவு பொங்கிற்று. எங்கள் வேலூர் நண்பர் தம் கம்பளியை மாவுக்குத் தந்துவிட்டு இரவெல்லாம் நடுங்கினார். மே மாதத்திலோ நேர்மாறு. வெயில் 45 பாகையை எட்டும் நாள்களில் சில மணி நேரத்திலேயே மாவு புளித்துப் பொங்கி வழியும்.

இவையெல்லாம் சிரித்து மறக்கத்தக்கவை. சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் தருமபுரி நண்பர் இரவுப் பணி முடித்து வந்து, அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்தார். அயர்ச்சியில் கண் சற்றே செருகியது. எண்ணெய் தீப்பற்றிக்கொண்டது. திடுக்கிட்டு எழுந்தவர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். நல்ல வேளையாகத் திருநெல்வேலி நண்பர் அவர் கையைப் பிடித்து இழுத்து, ஒரு தட்டால் வாணலியை மூடி, திரியை இறக்கிவிட்டார். காற்றில்லாமல் தீ அவிந்தது. தண்ணீரை ஊற்றியிருந்தால் அது எண்ணெயின் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் எண்ணெயை அறையெங்கும் வீசியிருக்கும். அந்த நண்பர் உயிரோடு இருப்பது ஒரு தட்டினால். ஆயினும் தெறித்த எண்ணெயால் அவர் கை வெந்தது. இரண்டு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை. ஊரில் இருந்த தாயாருக்கு எங்களில் ஒருவரைக் கொண்டு, "நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்" என்று எழுதச் செய்தார்.

பெரியோர்களே, நம் வீட்டுப் பிள்ளைகள் எழுதும் இத்தகைய வரிகளின் பின்னே என்ன இருக்கிறதென்று நாம் அறிவோமா?

இன்று திரியடுப்புப் போய் எரிவாயு வந்துவிட்டது. ஆபத்தும் உருமாறியிருக்கிறது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். கெட்ட நாற்றம் நம்மை எச்சரிப்பதற்காகவே அதில் சேர்க்கப்படுகிறது. நாற்றம் வந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரின் வாயிலை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே சென்று 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். குக்கரில் பருப்பைப் பாதிக்கு மேல் நிரப்பலாகாது; நுரை ஏறி ஆவித்துளை அடைபடும். உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 பாகை. ஆவி முழுதும் அடங்காமல் மூடியைத் திறப்பது அறிவுடைமை அன்று. தீப்பட்ட இடத்தில் மையும் பற்பசையும் தடவாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்.

சமையல் ஆண்மைக்கு இழுக்கு என்பாரும் உளர். நளபாகம், வீமபாகம் என்று சிறந்த சமையலுக்கு இரண்டு ஆண்மக்களின் பெயரையன்றோ நம் முன்னோர் சூட்டினர்? குறுந்தொகையின் 167ஆம் பாட்டில் கூடலூர் கிழார் காட்டும் புதுமணப்பெண் புகை கண்ணில் படச் சமைக்கிறாள்; கணவன் இனிதென உண்கிறான். அவ்வின்பம் போற்றத்தக்கதே. ஆனால் தனியறையில் வாழும் இளைஞனுக்கு அடுப்பு மூட்டித் தருபவர் யார்? இன்று பெண்மக்களும் தேர்வெழுதித் தனியே பணிக்கு வருகின்றனர். பாடப் புத்தகத்தோடு வளர்ந்த அவர்களுக்கும் இதே நிலைதான். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டு, அளவு கூறி எழுத்தால் கற்பித்தார். நூல் அளவைச் சொல்லும். பதத்தை அருகிருந்து காட்ட ஒரு கை வேண்டும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புமுன் சோறு வடிக்கவும், பருப்பு வேகவைக்கவும், தீயை அடக்கவும் கற்பித்து அனுப்புங்கள். சங்க நிர்வாகிகளே, புதிதாய் வரும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு ஞாயிறு பிற்பகல்களை இம்மண்டபத்துச் சமையற்கூடத்தில் ஒதுக்கித் தாருங்கள். அரிசியும் பருப்பும் நாங்கள் கொண்டு வருகிறோம். முறைவைத்து நின்று கற்பிக்கவும் நாங்கள் ஆயத்தமாய் இருக்கிறோம்.

மொழியைக் காக்க வந்த சங்கம், அம்மொழி பேசும் பிள்ளைகளின் வயிற்றையும் உயிரையும் காக்கட்டும்.