குழந்தையின் குரலும் குறுந்தகடும்



பிள்ளைகள் வாசிப்பதை ஜூனில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். ழகரம் திருந்தியதா என்பது அவர்களுக்கே புரியும். தனி மைக் தேவையில்லை. மடிக்கணினியில் உள்ளதே போதும். ஆனால் அது மின்விசிறி இரைச்சலையும் விசைப்பலகைத் தட்டலையும் சேர்த்தே வாங்கும். விசிறியை நிறுத்திவிட்டு, பிள்ளையை ஒரு முழத் தூரத்தில் உட்காரவையுங்கள். எங்கள் பொழிச்சலூரில் மீனம்பாக்கம் விமானம் கடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்!

குறுந்தகட்டில் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திக் காக்கிறோம். உண்மையில் பெயர் எழுதும் மேற்பக்கமே மெலிது. தகட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர், பதிவுப் படலமோ மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனா அழுந்திக் கீறினால் பிள்ளையின் குரல் போய்விடும். மார்க்கர் பேனாவால் நடுவளையத்தில் எழுதுங்கள். தூசியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் பதிவுத் தடத்தின் வழியே நீளும்; அந்த இடத்தைக் கருவியால் படிக்க முடியாது.