மையித்தைக் குளிப்பாட்ட ஏன் பயம்?



சில வருடங்களுக்கு முன் வெளியூரில் ஒரு மௌத். ஊர் பெயர் வேண்டாம். இறந்தவருக்கு எச்.ஐ.வி. என்ற பேச்சு பரவியதும், குளிப்பாட்ட வந்த இருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். மோதினாரும் மையித்தின் தம்பியும் நானும்தான் குளிப்பாட்டினோம். உண்மையைச் சொன்னால் எனக்கும் கை நடுங்கியது. பிறகுதான் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் விசாரித்தேன்.

கை கொடுத்தால், ஒரே சஹனில் சாப்பிட்டால், ஒரே ஹவுளில் ஒளு செய்தால், கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது. உடலுறவு, இரத்தம், ஒருவர் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு என்பவைதான் அதன் வழி. மையித்தின் இரத்தத்தில் கிருமி சில காலம் இருக்கலாம். அதற்குக் கையுறை போட்டு, நம் கையில் காயமிருந்தால் மூடிக்கொண்டால் போதும். எந்த மையித்துக்கும் இதைத்தான் செய்யவேண்டும்.

உதட்டோரம் கொப்புளம் வந்த பெண்பிள்ளையை "அந்த நோய்" என்று பேசுகிறார்களே, அது பெரும்பாலும் ஹெர்பிஸ். பலருக்குச் சிறுவயதிலேயே, வீட்டார் கொடுக்கும் முத்தத்தில் தொற்றுவது. அது எச்.ஐ.வி.யாக மாறாது. அதற்காகச் சம்பந்தத்தை முறிப்பது அநியாயம்.

எச்.ஐ.வி.க்கு அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் 2004 முதல் மாத்திரை இலவசம். விடாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து மனைவிக்கோ கணவருக்கோ உடலுறவால் தொற்றாது. சந்தேகமிருந்தால் 1097க்குப் பேசுங்கள், கட்டணமில்லை.

நம் பள்ளியில் ஜனாஸா சாமான் அலமாரியில் கையுறைப் பெட்டி வைத்திருக்கிறோம். சாவி மோதினாரிடம் இருக்கிறது.